மாமாவின் சாப்பாட்டுக்கடையில் 14 மணி நேரம்: ஓவர் டைமும் லீவுச் சம்பளமும் கேட்கலாமா?

கிளிநொச்சிப் பக்கம் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஏ9 வீதியோரம் உள்ள ஒரு சாப்பாட்டுக்கடையில் 2025 தை மாதத்திலிருந்து ஒன்றரை வருடமாக வேலை. காலை 7 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்குத்தான் வெளியே வரலாம், இடையில் சாப்பிடவும் இளைப்பாறவும் எல்லாமாக 2 மணி நேரம். நாளுக்கு 1,500 ரூபாய், சாப்பாடு கடையில். மாதத்தில் 2 நாள் லீவு, அந்த 2 நாளுக்கும் சம்பளம் வெட்டு. பொங்கலன்றும் போயாவன்றும் (பௌர்ணமி விடுமுறை) வேலை, ஆனால் கூடுதலாக ஒரு சதம் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. கேட்டால் "நீ நாட்சம்பள ஆள், உனக்கு லீவுச் சம்பளம் எல்லாம் கிடையாது" என்கிறாராம் முதலாளி. அவர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதாவது மாமா முறை. போதாக்குறைக்கு அவரிடம் 50,000 ரூபாய் அட்வான்சும் வாங்கியிருக்கிறார், அது முடியும் வரை வேலையை விட்டுப் போக முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

தம்பி, மாமா சொன்னதில் எதுவும் சட்டம் இல்லை. சாப்பாடு விற்கும் இடமும் சட்டத்தின் கண்ணில் கடைதான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்கள் கடைக்குள்ளும் வரும். ஹோட்டல், உணவு வழங்கல் தொழிலுக்கென்று தனியாக ஒரு சம்பளச் சபையும் (அந்தத் தொழிலின் சம்பள விதிகளைத் தீர்மானிக்கும் சபை) இருக்கிறது. இரண்டில் எதன்படி உங்கள் கணக்கைப் பார்ப்பது என்பது தொழில் அதிகாரியின் தலைவலி, உங்களுடையது அல்ல. நாட்சம்பளமா மாதச்சம்பளமா, சொந்தக்காரரா அந்நியரா என்று பார்த்து உரிமை குறைவதில்லை. கடிதம் தராதது அவருடைய பிழை. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை, அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு "இவர் என்ன அடிப்படையில் கேட்கிறார்" என்று கேட்க முடியாது.

கடைச் சட்டப்படி ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், சாப்பாட்டு நேரம் இதில் சேராது. அதற்கு மேல் செய்த ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு. உங்கள் 1,500 ரூபாயை 8ஆல் பிரித்தால் மணிக்கு 187 ரூபாய் 50 சதம். மாதம் 45,000 என்று வைத்து, வழக்கமாகச் செய்வதுபோல் 240ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணி) பிரித்தாலும் அதே 187.50தான் வரும், ஆகவே "நாட்சம்பளம்" என்ற சொல்லால் மாமாவுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. ஒன்றரை மடங்கு 281.25. ஓய்வு கழித்து நீங்கள் செய்வது 12 மணி நேரம், 4 மணி கூடுதல், அப்படியென்றால் நாளுக்கு 1,125 ரூபாய். 25 நாளுக்கு மட்டும் பார்த்தாலே 28,125! சம்பளச் சபைக் கணக்கு என்றால் பிரிக்கும் எண் மாறலாம், அதை அதிகாரி திருத்துவார், நீங்கள் ஒரு கணக்கோடு போவதுதான் முக்கியம்.

ஒரு வாரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் ஓவர் டைம் வேலை வாங்குவதே அந்தச் சட்டப்படி தவறு. உங்களுக்கு அது 24ஐத் தாண்டுகிறது. "சட்டத்துக்கு மேல் செய்த வேலைக்குக் காசு கேட்க முடியாதே" என்று யாராவது புத்திசாலித்தனமாகச் சொன்னால் நம்ப வேண்டாம், வரம்பை மீறியது அவர், உழைத்தது நீங்கள்.

பின்னேரம் 3 மணி தொடக்கம் 5 மணி வரை கடையில் ஆள் இல்லை, சும்மாதானே இருந்தான் என்று கட்டாயம் சொல்வார்கள், நான் பார்த்த சாப்பாட்டுக்கடை விவகாரங்களில் இந்த வாதம் வராத ஒன்று இல்லை. கடையை விட்டு எங்கும் போக விடாமல், பஸ் வந்து நின்றால் உடனே எழும்பிப் பரிமாற வேண்டும் என்று வைத்திருந்தால் அது ஓய்வு அல்ல, வேலைக்காகக் காத்திருந்த நேரம் என்று நேராகச் சொல்லுங்கள்.

லீவுக்கு வருவோம். வாரத்தில் 28 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் ஓய்வு. உங்களுக்கு மாதத்தில் 2 நாள், அதுவும் வெட்டு. தைப்பொங்கல், சுதந்திர தினம், நத்தார் போன்ற சட்டப்படியான விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது மார்கழி 31க்கு முன் அதற்குப் பதிலாகச் சம்பளத்துடன் ஒரு நாள் லீவு. போயா நாளுக்கு ஒன்றரை மடங்கு. இவை தவிர வருடாந்த லீவு 14 நாள்: நீங்கள் 2025 தையில் சேர்ந்தபடியால் 2026இல் முழு 14 நாளும் உங்களுடையது. சொந்த அலுவலுக்கும் வருத்தத்துக்கும் 7 நாள் வேறு.

ஈ.பி.எவ்தான் எல்லோரும் கடைசியாக நினைக்கும் விஷயம், நான் அதைத்தான் முதலில் கேட்பேன். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஈ.ரி.எவ்வுக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி இன்னும் 3 வீதம். 45,000க்கு மாதம் 10,350 ரூபாய், 18 மாதத்துக்கு 1,86,300. உங்கள் 8 வீதத்தை அவர் அந்தந்த மாதம் கழிக்கவில்லை என்றால் இப்போது உங்களிடம் கேட்க முடியாது, அதையும் அவரே கட்ட வேண்டும், பிந்தியதற்கு மேலதிகக் கட்டணமும் சேரும். ஓவர் டைம் இந்தக் கணக்கில் வராது, ஆனால் லீவுச் சம்பளம் வரும். "ஒரு லட்சம் கையில் தருகிறேன், எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துப் போடு" என்று சொன்னால் போடாதீர்கள். ஈ.பி.எவ் கையில் கொடுத்துத் தீர்க்கும் காசு அல்ல.

சாட்சி இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. "நாளைக்கு 6 மணிக்கு வா" என்று வந்த வட்ஸ்அப் குரல் பதிவுகள், சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் அந்தக் கணக்கு விபரம், உங்கள் கையெழுத்தில் உள்ள பில்கள், கூட வேலை செய்து விலகிப் போன பெடியன்கள். இன்றிலிருந்து ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம், அன்று என்ன வேலை என்று எழுதுங்கள், அன்றன்றே எழுதுங்கள், மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனையால் நிரப்பியது பார்த்தவுடன் தெரியும். வரவும் சம்பளமும் பதிந்து வைத்திருக்க வேண்டியது உண்மையில் கடைக்காரர். அவரிடம் பதிவே இல்லையென்றால் உங்கள் கொப்பிக்குப் பெறுமதி கூடும்.

அட்வான்ஸ் வேறு, வேலை வேறு. 50,000 நீங்கள் கொடுக்க வேண்டிய கடன்தான், அதை மறுக்க வேண்டாம், முறைப்பாட்டிலும் நீங்களே சொல்லுங்கள். ஆனால் கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைக்க முடியாது. உங்கள் கணக்கைப் பார்த்தால் யார் யாருக்குக் கடன் என்பது வேறு கேள்வி.

சரி, மாமாவோடு எப்படி? கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதியது எனக்கு விளங்குகிறது. முதலில் அம்மாவை வைத்துப் பேசாதீர்கள், அது குடும்பச் சண்டையாகிவிடும். கணக்கை ஒரு தாளில் எழுதி நீங்களே கொடுங்கள், இரண்டு கிழமை பாருங்கள். பதில் இல்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. தமிழில் எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை, வேலையில் இருந்துகொண்டே கொடுக்கலாம். கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள், கட்டச் சொல்லியும் கட்டாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றம் வரை போகும். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள்.

கோபத்தில் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு மட்டும் வராதீர்கள், தானாக விலகிப் போனான் என்று எழுதிவிடுவார்கள். கேட்டதற்காக அவரே நிறுத்தினால் அது தனி வழக்கு: தொழில் நியாய சபைக்கு (வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் சபை) 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால், அன்றைக்கே "நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னபடியால் நான் வரவில்லை, வேலை தந்தால் வரத் தயார்" என்று அவருடைய வட்ஸ்அப்புக்கு ஒரு வரி அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.