முருகைக்கல் வீட்டுச் செலவு: சுண்ணாம்புக் கொத்தனாரிடம் கேள்வி பதில்

கீழக்கரை: அண்ணே, வாப்பா காலத்து முருகைக்கல் வீடு, கடல் பவளப்பாறையில வெட்டின கல். நாலு வருசம் முன்னால சிமெண்ட் பூசினோம். இப்ப இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிஞ்சு விழுது. திரும்பப் பூச என்ன செலவாகும்?

பதில்: தம்பி, சிமெண்ட்தான் வினை. கடல்ல கிடந்த கல், உள்ளுக்குள்ள உப்பு இருக்கும். தரை ஈரம் ஏறும்போது உப்பும் கூடவே ஏறும். சுண்ணாம்புப் பூச்சுன்னா ஈரம் வெளிய ஆவியாப் போயிரும். சிமெண்ட் அடைச்சுக்கிரும். உப்பு பூச்சுக்குப் பின்னால கட்டியாகி அதைத் தள்ளும், கல்லையும் அரிக்கும். மேலயே மறுபடி பூசினா கடல்ல கரைச்ச பெருங்காயம்தான்.

ஈரம் நிக்கிற உயரத்துக்கு மேல ரெண்டடி வரைக்கும் கொத்தி எடுங்க. கோடை முழுக்கக் காயட்டும். உப்பை வெறும் துடைப்பத்தால கூட்டி அள்ளுங்க. தண்ணி ஊத்தினா திரும்ப உள்ள இறங்கிரும். நீத்துன சுண்ணாம்பு ஒரு பங்கு, நல்லதண்ணியில அலசின ஆத்துமணல் ரெண்டரைப் பங்கு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணி. பொருளைவிடக் கூலிதான் கூட வரும். அரைக்கவும், மெல்லிசா ரெண்டு மூணு கை பூசவும் நாள் பிடிக்கும். முதல்ல ஒரு சுவரைச் செஞ்சு பாருங்க. அதுக்கு ஆன கூலியை வச்சு மத்த சுவருக்குக் கணக்குப் போடுங்க.

லண்டன்: இங்க பழைய வீட்டைச் சூடாக்குற கேஸ் பில் கட்டியே மாளல. ஊர் வீட்டுக்கு ஏசி போட்டா அதே கதையா?

பதில்: கேஸ் பில்லை அங்கத்து ஆளுகிட்டக் கேளுங்க. இங்க கனத்த சுவரும் முற்றமுமே பாதி வேலை பார்க்கும். மேக்கு ஜன்னலை மத்தியானம் சாத்துங்க. கட்டாயம்னா படுக்கிற ஒரு அறைக்கு மட்டும் ஏசி.

ராமேஸ்வரம்: பழைய சுவருக்கு சிமெண்ட் பூசலாமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

பெரியபட்டினம்: சுவர்ல நாலு கல் உடைஞ்சிருக்கு. கடல்ல கிடக்கிறதுதானே, எடுத்து வச்சா என்ன?

பதில்: தொடாதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல தேசியப் பூங்கா ஆயிருச்சு. 2001-லிருந்து பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில இருக்கு.

பெரியபட்டினம்: உங்க தாத்தாமார் எடுத்துத்தானே கட்டினாங்க?

பதில்: கட்டினாங்க. வெட்டி வெட்டி எடுத்ததுல பூவரசன்பட்டித் தீவே முங்கிப்போச்சு, விலாங்குசல்லியும் அப்படித்தான். அலையைத் தடுக்கிற பாறை போனா அடுத்து நம்ம கரைதான். மீன் குஞ்சு பொரிக்கவும் இடம் வேணும். வீட்டைக் காப்பாத்த ஊரைக் கரைக்க முடியுமா?

பெரியபட்டினம்: அப்ப ஓட்டையை எதை வச்சு அடைக்க?

பதில்: உங்க வீட்டிலேயே விழுந்த கல்லைச் சேர்த்து வைங்க. பத்தலைன்னா செங்கல், சுண்ணாம்புச் சாந்துல.

தொண்டி: மாடித் தளம் ஒழுகுது. அதைத் தாங்குற மர உத்தரம் நிக்குமா?

பதில்: சுவருக்குள்ள போற முனையை ஆணியால குத்திப் பாருங்க. சுலபமா இறங்கினா தச்சரைக் கூப்பிடுங்க. அதுவரை மேல ஆளேற விடாதீங்க.

தேவிபட்டினம்: சுண்ணாம்போட கொஞ்சம் சிமெண்ட் கலந்தா சீக்கிரம் இறுகுமே?

பதில்: இறுகும், அதுதான் கெடுதல். வேண்டாம்னு மூணாவது தடவை சொல்றேன். சித்திரையில ஆரம்பிங்க, ஐப்பசி மழைக்கு முன்னால பூச்சு காஞ்சிரும்.