கல் தாடைகளைச் சாய்த்த குத்துகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எவ்வளவு அடித்தாலும் விழமாட்டார் என்று பெயரெடுத்த குத்துச்சண்டை வீரர்கள் நாக் அவுட் ஆன போட்டிகளில் தாங்கள் முதலிடம் தருவது எதற்கு?
– வாசகர், இராயபுரம்

பதில்: 1957 மே 1 அன்று சிகாகோவில் சுகர் ரே ராபின்சன், ஜீன் ஃபுல்மரை வீழ்த்திய போட்டிக்குத்தான். யூட்டா மாநிலத்துக்காரரான ஃபுல்மரின் ஆட்டத்தில் அழகைத் தேட முடியாது. தலையைக் குனிந்துகொண்டு எதிராளியின் மேல் ஏறி ஏறி வந்து, வாங்குகிற அடியைப் பொருட்படுத்தாமல், பதினைந்து சுற்றும் மூச்சுவிட இடம் தராமல் நெருக்குகிற முரட்டு ஆட்டம் அது. அதே ஆண்டு ஜனவரி 2 அன்று நியூயார்க்கில் அப்படி நெருக்கியே ராபின்சனிடமிருந்து மிடில்வெயிட் எடைப் பிரிவின் பட்டத்தைப் பறித்திருந்தார். அதுவரை எவரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. ராபின்சனுக்கோ 36 வயது நிறைய இரண்டே நாள்கள் பாக்கி. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

மறுபோட்டியின் ஐந்தாம் சுற்றில் ராபின்சன் முதலில் வலது கையால் உடம்பைக் குறிவைத்தார். ஃபுல்மரின் கவனம் கீழே இறங்கிய நொடியில், பின்வாங்கிய நிலையிலேயே, முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் இடது ஹூக் ஒன்றைத் தாடையில் இறக்கினார். பின்வாங்கியபடி வீசும் குத்தில் வலு இருக்காது என்பது பயிற்சிக்கூடங்களில் சொல்லித்தரும் பாடம். ஆனால் ஃபுல்மர் தாமாகவே முன்னேறி வந்துகொண்டிருந்ததால், குறைந்த வலுவை அவருடைய வேகமே ஈடுகட்டிவிட்டது. எழுந்திருக்க முயன்றும் பத்து எண்ணுவதற்குள் அவரால் முடியவில்லை. போட்டியை ஏன் நிறுத்தினார்கள் என்று அவர் கேட்டதாகவும், நடுவர் பத்து வரை எண்ணிவிட்டார் என்று அவருடைய மேலாளர் பதில் சொன்னதாகவும் கூறுவார்கள்.

இங்கே வலுவைக் காட்டிலும் மறைவுதான் வேலை செய்தது என்பது என் கருத்து. வருகிற குத்தைக் கண்டுவிட்டால் கழுத்துத் தசைகள் இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். காணாத குத்தோ தலையைச் சட்டென்று திருப்பிவிட, மண்டையோட்டுக்குள் மூளை உலுங்கி நினைவு தப்பிவிடுகிறது. நாம் 'தாடை உறுதி' என்று சொல்வதில் பாதிக்கு மேல் கண்ணும் கழுத்தும்தான்.

கேள்வி: ராபர்ட்டோ டுரானைத் தாமஸ் ஹேர்ன்ஸ் இரண்டே சுற்றில் முடித்ததற்கு உயரம்தானே காரணம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உயரமும் ஒரு காரணம். ஹேர்ன்ஸ் 6 அடி 1 அங்குலம், டுரான் 5 அடி 7 அங்குலம். அதைவிட எடைப் பிரிவையும் பாருங்கள்: பனாமாவின் டுரான் 1972இல் பட்டம் வென்றது சுமார் 61 கிலோ வரம்புள்ள லைட்வெயிட் பிரிவில், 1984 ஜூன் 15 அன்று லாஸ் வேகாஸில் ஹேர்ன்ஸைச் சந்தித்ததோ ஏறத்தாழ 70 கிலோ வரம்பில். ஆயினும் இதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனெனில் ஏழு மாதங்களுக்கு முன்புதான் அவர் இன்னும் பெரிய பிரிவின் சாம்பியனான மார்வின் ஹாக்லருடன் பதினைந்து சுற்றும் நின்று, நெருக்கமான புள்ளிக் கணக்கில் தோற்றிருந்தார். 1980இல் அமெரிக்க வீரர் சுகர் ரே லெனர்டுடன் மோதுகையில் அவர் தாமாகப் பாதியில் விலகியதுண்டே தவிர, அடித்து எவரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. ஹேர்ன்ஸிடம் முதல் சுற்றிலேயே இருமுறை விழுந்து, மணி அடித்தபின் தம்முடைய மூலை எதுவென்று தெரியாமல் வேறு பக்கம் நடந்தார். இரண்டாம் சுற்றில் நேராக வந்த வலது குத்தில் கையை ஊன்றக்கூட இயலாமல் முகம் குப்புற விழுந்தார். நடுவர் எண்ணிக்கையைத் தொடங்காமலேயே போட்டியை நிறுத்திவிட்டார். அதே வலது கை அடுத்த ஆண்டு ஹாக்லர் மீது இறங்கியபோது, முதல் சுற்றிலேயே முறிந்தது கைதான்!

கேள்வி: பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவை மெக்சிகோவின் மார்க்வெஸ் வீழ்த்தியது இந்தப் பட்டியலில் வராதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2012 டிசம்பர் 8 அன்று, ஆறாம் சுற்றின் கடைசி நொடியில் விழுந்த அந்த எதிர்க்குத்து கண்ணைப் பறிப்பதுதான். ஆனால் பாக்கியா இளம் வயதில், 1996இலும் 1999இலும் நாக் அவுட் ஆனவர். அசைக்க முடியாதவர் என்ற வரிசையில் அவரைச் சேர்க்க நான் தயங்குகிறேன்.

கேள்வி: கடைசிவரை விழாமலே ஓய்வுபெற்ற பெரிய வீரர் எவரேனும் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கனடாவின் ஜார்ஜ் சுவாலோ. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூட அவர் தரையைத் தொட்டதில்லை. முகமது அலியுடன் 1966இல் டொராண்டோவில் பதினைந்து சுற்றும், 1972இல் வான்கூவரில் பன்னிரண்டு சுற்றும் முழுமையாக நின்றார். 1967இல் ஜோ ஃப்ரேசியரிடமும், 1970இல் ஜார்ஜ் ஃபோர்மனிடமும் போட்டி இடையில் நிறுத்தப்பட்டுத் தோற்றபோதுகூட அவர் கால்களில்தான் நின்றுகொண்டிருந்தார்.