சிஸ்டரிடம் கேளுங்கள்: டிகிரி முடித்த பிறகு நர்சிங்

கேள்வி: எனக்கு 23 வயது. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாகத் தனியார் மருத்துவமனை ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறேன். சாம்பிள் வாங்க வார்டுக்குப் போகும்போதெல்லாம், நர்சாகவே ஆகியிருக்கலாமே என்று தோன்றுகிறது. டிகிரி இருப்பதால் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர முடியுமா? அமெரிக்காவில் ஒரே வருடத்தில் முடிக்கலாம் என்கிறாள் தோழி. எங்கள் ஊரிலேயே ஒரு வருட நர்சிங் கோர்ஸ் நடக்கிறதாம். அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். "முடிக்கிறப்போ 27 ஆயிடும், அப்புறம் யாரு பொண்ணு கேட்டு வருவா" என்கிறார்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகாசி

பதில்: என் மகளைவிடச் சின்னவள் நீ. அதனால் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன்.

டிகிரி சர்டிஃபிகேட்டை பீரோவில் வைத்துவிட்டு ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடும்மா. நர்சிங்குக்கு அதுதான் கணக்கு. பி.எஸ்சி. நர்சிங்கில் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. மூன்று வருடம் உட்கார்ந்து படித்த மைக்ரோபயாலஜிக்கு அங்கே ஒரு மார்க்கூடக் கிடையாது. எரிச்சலாகத்தான் இருக்கும். வயது வரம்பு அந்தந்த வருடத்துக் கையேட்டில் இருக்கும். விண்ணப்பம் போடும் முன் அதைப் படித்துவிடு.

இரண்டாம் வருடத்தில் நேரே நுழைய வழியில்லை. எட்டு செமஸ்டர், நான்கு வருடம், முதல் நாளிலிருந்து. ஜி.என்.எம். என்று மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களும் அதில் சேரலாம். காமர்ஸ் படித்துவிட்டு மனம் மாறியவர்களுக்கு அது நல்ல கதவு. பின்னால் பட்டம் வேண்டுமென்றால் ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம். மூன்றும் இரண்டும் ஐந்து. உயிரியல் படித்த நீ ஏன் சுற்றிப் போக வேண்டும்?

தோழி சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் வேறு டிகிரி முடித்தவர்களுக்கென்றே 11 முதல் 18 மாதத்தில் முடிகிற நர்சிங் படிப்பு இருக்கிறது. ஆனால் அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முன்பே படித்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கட்டணம் டாலரில். இங்கே அப்படி ஒரு படிப்பே கிடையாது. வெளிநாட்டு ஆசை இருந்தால், இங்கே முடித்துப் பதிவு செய்துவிட்டு, அமெரிக்காவில் நர்சாக உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுது. ஜெர்மனி என்றால் பி2 என்கிற நிலை வரை, அதாவது சரளமாகப் பேசுகிற அளவுக்கு, ஜெர்மன் மொழி படிக்க வேண்டியிருக்கும்.

அந்த ஒரு வருட கோர்ஸ் நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "முடித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடு. நான் நர்சிங் சூப்பிரண்டென்டாக இருந்தபோது ஒரு பெண் அப்படியொரு சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்தாள். அம்மாவின் செயினை அடகு வைத்துக் கட்டிய பணம். அதை வைத்துக்கொண்டு அவளால் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. அதை அவளிடம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சரி, இனி நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு 24 வயதில் படிக்க வந்த ஒரு மாணவி இருந்தாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினேழு, பதினெட்டு. அவளை 'அக்கா' என்பார்கள். சீனியர்களோ அவளைவிட நான்கு வயது இளையவர்கள், அவர்களுக்கு இவள் எழுந்து நிற்க வேண்டும். தவளையை அறுத்து நரம்பு நரம்பாகக் காட்டியவள், எலும்பு முறிவு வார்டில் முதல் நாள் பெட்பேனைக் கையில் பிடித்தபடி கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருந்த ஆச்சிதான், "நீ ஏண்டி வெக்கப்படுற, வெக்கப்பட வேண்டியவ நானு. ஸ்கிரீன இழு" என்று சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடத்தை நான் நடத்தியிருக்க முடியாது.

உன் மூன்று வருடமும் வீண் போகாது. லேபில் உட்கார்ந்து, சாம்பிளில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து, 'வளர்ச்சி இல்லை' என்று எத்தனை கல்ச்சர் ரிப்போர்ட் அடித்திருப்பாய்? அதில் சிலவற்றின் கதை வார்டில்தான் இருக்கிறது: ரத்தம் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறியிருக்கும். யூரின் டப்பா ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்துவிட்டு உன்னிடம் வந்தால், அதில் இல்லாத அளவுக்குக் கிருமி பெருகியிருக்கும். ஸ்பிரிட் காயும்வரை பொறுக்காமல் குத்தினால், தோலில் இருக்கிற கிருமி ரிப்போர்ட்டில் நோயாக வந்து உட்காரும். இதெல்லாம் என் நர்சுகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்திருக்கிறது. உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதே, அதன் சொந்த மருத்துவமனையைப் பார். நூறு படுக்கையாவது இருக்க வேண்டும் என்பது விதி. காலையில் போய் எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பார். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளைத் திருப்பித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடு. நடுவில் நின்றவர்கள் அதற்காக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு: ஐயா, படிக்காவிட்டாலும் அவளுக்கு 27 வரத்தான் போகிறது. வரன் விஷயத்தில் நைட் டியூட்டி வேண்டாம் என்று சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, மறுக்கவில்லை. என் 34 வருட சர்வீஸில் பாதி ராத்திரிகள் நான் வீட்டில் இல்லை. என் மாமியார் ஐந்து வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு இன்சுலின் போட வேண்டி வந்தபோதுதான், "நீயே போடு, உன் கைதான் வலிக்கல" என்றார்.

வேலையை இப்போதே விட்டுவிடாதே, மகளே. முதலில் ஒரு மாதம் லேபில் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கு. சாம்பிள் வாங்கியதும் திரும்பி ஓடாமல், அங்கே ஷிஃப்ட் மாறும்போது ஸ்டாஃப் நர்சுகள் நோயாளிகளின் விவரம் சொல்லி ஓவர் கொடுப்பதையும் எடுப்பதையும் நின்று கவனி. விடிகாலை மூன்று மணிக்கும் அந்த வார்டு உனக்குப் பிடித்திருந்தால், மறுபடி எனக்கு எழுது. மார்க் ஷீட் நகலும் வை.