எடின்பரோவுக்குப் படிக்கச் செல்லும் மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கெலியாவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் மகளுக்கு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுமாணிக் கற்கைக்கு இடம் கிடைத்திருப்பதையும் விசா அனுமதியாகியிருப்பதையும் அறிந்து மனம் நிறைந்தது. 1583ஆம் ஆண்டு முதல் பாடம் நடந்துவரும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, உங்கள் தோட்டத்திலிருந்து முதல் பிள்ளையாக அவர் போகிறார். அந்தக் குளிரில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில் பிள்ளை எப்படித் தாக்குப்பிடிக்கப் போகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் குளிர் அல்ல என்பது என் கருத்து.

நுவரெலியாப் பக்கத்து உறைபனியையும் மாதக்கணக்கில் விடாத மழையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஊரின் குளிர் பழகிவிடும். பழகச் சிரமமானவை காற்றும் இருட்டுமே. டிசெம்பர் மாதத்தில் அங்கே காலை 8.40 அளவில் சூரியன் உதித்து, பிற்பகல் 3.40 அளவில் மறைந்துவிடும். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. தலையை மூடும் மழைக்காப்பு மேலங்கி ஒன்று போதும், அதையும் கொழும்பில் அதிக விலை கொடுத்து வாங்காமல் அங்கே போய் வாங்கட்டும். குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி எல்லோரும் யோசிக்குமாறும், நம்மைப் போன்ற கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் யோசிக்குமாறும் அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஆலோசனை கூறுகிறது. வெளிச்சம் குறையும் நாட்களில் மனமும் சோர்வது இயல்பு என்பதை மகள் முன்னரே அறிந்திருந்தால், அந்தச் சோர்வைத் தன்னுடைய பலவீனம் என்று எண்ணிக் கலங்க மாட்டார்.

நான் உண்மையில் அஞ்சுவது, வாய் திறந்து கேட்பதற்கு நம் பிள்ளைகளுக்கு உள்ள தயக்கத்தைத்தான். வகுப்பில் அமைதியாக இருப்பவரையே நல்ல பிள்ளை என்கிறோம். தோட்டத்து அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் நம்மை அழைக்கும்வரை ஓரமாக நின்று பழகியிருக்கிறோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டது அது. எடின்பரோவில் உதவிக்கு ஏற்பாடுகள் நிறைய உண்டு, ஆனால் அவை கேட்டவருக்கு மட்டுமே கிடைக்கும். ஒரு பாடம் விளங்காவிட்டால் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். எழுதாத மாணவர் நலமாக இருக்கிறார் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நோய் அல்லது மனவருத்தம் காரணமாக ஒப்படையைக் குறித்த நாளில் கொடுக்க முடியாவிட்டால், அந்த நாள் கடப்பதற்கு முன்பே கால நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடந்தபின் அழுது விளக்குவதில் பயன் குறைவு.

விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண் வீதம் சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே செலுத்தியிருப்பீர்கள். அந்தப் பணத்துக்குரிய வைத்திய சேவையும் தானாக வராது. தங்குமிடத்துக்கு அருகிலுள்ள குடும்ப வைத்தியரிடம், உடம்பு நன்றாக இருக்கும்போதே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுக்கு ஸ்கொட்லாந்தில் கட்டணம் இல்லை.

அந்த ஊரில் தன்னை யாரோ இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற எண்ணத்தோடு மகள் நடமாட வேண்டியதில்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் அமைத்த ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். தலவாக்கலையில் ஹொலிரூட் தோட்டம் இருக்கிறது. எடின்பரோவில் அதே பெயரில் அரச மாளிகை இருக்கிறது. அக்கரப்பத்தனையில் வேவர்லித் தோட்டம் இருக்கிறது; எடின்பரோவின் பிரதான புகையிரத நிலையத்தின் பெயரும் வேவர்லிதான். அந்த நாட்டுக்கும் நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்புக்கும் உள்ள உறவு ஒன்றரை நூற்றாண்டு பழையது. கேள்வி கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

இனித் தங்குமிடம். முகநூலில் பார்த்த ஓர் அறைக்கு இரண்டு மாத வாடகையை உடனே அனுப்பச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு ஒரு பவுண்கூட அனுப்ப வேண்டாம். அந்நகரத்தின் பழைய பகுதியும், 1767இல் வரைந்த திட்டப்படி கட்டப்பட்ட புதிய பகுதியும் சேர்ந்து 1995 முதல் உலக மரபுரிமைத் தலமாக இருக்கின்றன. படத்தில் பார்க்க மனதை அள்ளும் அந்தக் கல் வீடுகளில் பலவற்றுக்கு மின்தூக்கி இல்லை. கூரை உயரமாக இருப்பதால் அறையைச் சூடாக்கச் செலவாகும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் பழைய சன்னல்களை மாற்றுவதற்கும் அனுமதி தேவை. துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். எடின்பரோக் கோட்டைக்குப் பக்கத்தில் அறை என்பதற்காக அதிக வாடகை கொடுப்பதை நான் விரும்பவில்லை. முதலாண்டில் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். வதிவிடப் பிரிவுக்கு மகள் இன்றே எழுதட்டும்.

அது கிடைக்காமல் தனியார் வீடுதான் என்றால், சட்டம் அவருக்குத் துணையாக இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் அரச பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். வைப்புப்பணம் இரண்டு மாத வாடகையை மிஞ்சக் கூடாது. வீட்டுக்காரர் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் 30 வேலைநாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட வைப்புத் திட்டமொன்றில் செலுத்த வேண்டும். உறவினர் அல்லாத மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ பகிர்ந்து வாழும் வீட்டுக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். இவற்றைக் கேட்டதும் கோபப்படும் வீட்டுக்காரரின் அறை நமக்கு வேண்டாம். ஓகஸ்ட் மாதத்தில் அங்கே பெரும் கலைவிழாக்கள் நடப்பதால் தற்காலிக அறைகளின் விலை கடுமையாக ஏறும். ஆகவே சீக்கிரம் போய் ஊரைப் பார்க்கலாம் என்று விமானச் சீட்டை முன்னதாகப் போட வேண்டாம்.

விசா இப்போது இணையக் கணக்காகவே இருக்கிறது. அந்தக் கணக்கு, விசாவுக்கு விண்ணப்பித்துக் கொடுத்த முகவரின் மின்னஞ்சலிலோ தொலைபேசி எண்ணிலோ திறக்கப்பட்டிருந்தால், பயணத்துக்கு முன்பே மகளின் சொந்த விவரங்களுக்கு மாற்றிவிட வேண்டும். கணக்கைத் திறப்பதற்கான நுழைவு இலக்கம் அந்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும் என்பதால், இங்குள்ள சிம் அட்டையைக் கொடுத்திருந்தால் அது செயலிழக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகுதிநேர வேலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனெனில் நகையை அடகு வைத்தே இந்தப் பயணம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய விசா இடம்தராது. முதுமாணி மாணவருக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இல்லை. ஆய்வுக்கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் படிப்புக் காலமாகவே கணிக்கப்படும். செயலி மூலம் உணவு கொண்டுசேர்க்கும் வேலை சுயதொழிலாகக் கருதப்படுவதால் அதற்கு அனுமதியே இல்லை. பிள்ளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். அனுமதித்த வேலை வாடகையிலும் சாப்பாட்டிலும் ஒரு பங்கைத் தாங்கும். அந்த ஓராண்டுக்குள் அடகை மீட்டுத் தராது. வட்டியை யார், எப்படிக் கட்டுவது என்பதைக் குடும்பமாக இப்போதே பேசி முடிவெடுத்து, அதை மகளுக்கும் தெரிவியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் நிக்கல்சன் வீதிப் பக்கத்துத் தெற்காசியக் கடைகளில் கிடைக்கும். லீத் பகுதியில் இந்துக் கோவில் ஒன்றும் இருக்கிறது.

முதல் புள்ளிகள் வரும்போது நீங்களும் நிதானமாக இருக்க வேண்டும். உயர்தரத்தில் 75க்கு மேல் எடுத்துப் பழகிய பிள்ளை, 62 வந்ததும் உடைந்துபோகலாம். அங்கே 70க்கு மேல் என்பது அதிசிறப்பு. அறுபதுகளில் எடுப்பது நல்ல பெறுபேறு.

அழைப்புக்கு ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, இந்தக் கிழமை யாரிடம் என்ன உதவி கேட்டாய் என்றும் கேளுங்கள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை என்று இரண்டு மூன்று கிழமைகள் தொடர்ந்து பதில் வந்தால், திட்டாமல், பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரைப் போய்ச் சந்திக்கச் சொல்லுங்கள்.

அந்த முகநூல் அறைக்காரர் ஒப்பந்தம் ஏதும் அனுப்பியிருந்தால் அதன் பிரதியை எனக்கு அனுப்பிவையுங்கள். வீட்டுக்காரரின் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு, ஒப்பமிடலாமா வேண்டாமா என்பதை இந்தக் கிழமைக்குள் எழுதுகிறேன்.