‘ஸ்பிண்டில் செல்’ என்று மட்டும் வந்த பயாப்சி ரிப்போர்ட்: புற்றுநோயா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையில் ஒன்றரை வருடமாக ஒரு கட்டி இருந்தது. கொழுப்புக் கட்டி என்று சொல்லி உள்ளூரிலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஸ்பிண்டில் செல் நியோபிளாசம், ஐ.எச்.சி. தேவை’ என்று மட்டும் இருக்கிறது. மறுபடியும் டெஸ்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். இன்னொரு டாக்டர் உடனே இரண்டாவது ஆபரேஷன் என்கிறார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தே சொல்லிவிட முடியாதா? இது புற்றுநோயா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எழுதிய பேத்தாலஜிஸ்ட் (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) மழுப்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதிவிட்டு, அதற்கு மேல் ஊகிக்காமல் நிறுத்தியிருக்கிறார். சரியான வேலைதான்.

தசை, கொழுப்பு, நரம்பு உறை, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் வரும் கட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை சாதுவானவை. சார்கோமா எனப்படும் புற்று, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான். சிறிய லேபில் வேலை பார்ப்பவர் எப்போதாவதுதான் ஒன்றைப் பார்ப்பார்.

ஸ்பிண்டில் செல் என்றால் இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும் செல். நியோபிளாசம் என்றால் கட்டி; சாதுவாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், சாதுவான கட்டியிலும் இதே மாதிரி செல், மோசமான கட்டியிலும் இதே மாதிரி செல். நரம்பு உறையில் வரும் ஷ்வான்னோமாவை எடுத்துவிட்டால் பொதுவாக அத்தோடு முடிந்தது. நாடுலர் ஃபேசியைட்டிஸ் என்று ஒன்று உண்டு: சில வாரங்களிலேயே கிடுகிடுவென்று வளரும், செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும், ஸ்லைடைப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அது தானாகவே அடங்கக்கூடியது. இதற்கு நேரெதிர் சைனோவியல் சார்கோமா. இளவயதினருக்கு, கைகால் மூட்டுகளின் அருகே அதிகம் வரும். வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, ஒன்றுமில்லாத கட்டிபோல ஏமாற்றும். தம்பியின் வயதையும் கட்டி இருந்த இடத்தையும் பார்த்தால், நான் முதலில் விலக்க விரும்புவது இதைத்தான். இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

ஐ.எச்.சி. என்ற புரதச் சோதனைக்காகத் தம்பியை மறுபடி ஊசியால் குத்த வேண்டியதில்லை. எடுத்த கட்டியின் துண்டுகள் மெழுகில் பதித்த பிளாக்குகளாக லேபிலேயே இருக்கும். அவற்றை மிக மெல்லிசாகச் சீவி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடிகளைப் போட்டுப் பார்ப்பார்கள். எஸ்100 என்ற புரதத்துக்கான சாயம் கட்டி முழுவதும் பளிச்சென்று பிடித்தால் ஷ்வான்னோமா பக்கம் சாயலாம். கெரட்டின், டிஎல்இ1 என்ற புரதங்களுக்குப் பிடித்தால் சைனோவியல் சார்கோமா என்ற சந்தேகம் வலுக்கும். அப்போதும் சந்தேகம்தான், ஏனென்றால் டிஎல்இ1 ஷ்வான்னோமாவிலும் சில சமயம் பிடிக்கும். அப்புறம்தான் ஃபிஷ் சோதனை; மரபணு உடைந்திருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்ப்பது. சைனோவியல் சார்கோமாவில் எக்ஸ் குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். அதில் எஸ்எஸ்18 என்ற மரபணு உடைந்துபோயிருக்கும். இந்தச் சூழலில் அந்த உடைவு தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட வாதம் முடிந்தது.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘எல்லா மார்க்கரும் (ஐ.எச்.சி.யில் தேடும் புரதங்கள்) போட்டுவிடலாம்’ என்று யாராவது பெரிய பேக்கேஜ் சொன்னால் உடனே கட்டிவிடாதீர்கள். ஸ்லைடைப் பார்த்த நிபுணர் சில மார்க்கர்களில் தொடங்கி, விடையைப் பொறுத்து அடுத்ததைக் கேட்பதுதான் முறை. அதனால் லேபில் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, சார்கோமா அதிகம் பார்க்கும் மையத்துக்குக் கொண்டுபோங்கள்; சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள். ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக் இருந்தால்தான் புதிய சோதனை செய்ய முடியும். பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பிளாக்கை விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும். ஆபரேஷன் குறிப்பும் முன்பு எடுத்த ஸ்கேனும் கூடவே போகட்டும். கட்டி எவ்வளவு பெரியது, தசைக்கு மேலேயா உள்ளேயா என்பதெல்லாம் பேத்தாலஜிஸ்டுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமா என்பதைக் கட்டியின் பெயர்தான் முடிவு செய்யும். ஷ்வான்னோமா என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. சார்கோமா என்றால் தொடைக்கு எம்.ஆர்.ஐ., அது அதிகம் பரவும் இடம் நுரையீரல் என்பதால் நெஞ்சுக்கு சி.டி., பிறகு சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து அகலமாக எடுப்பது, தேவைப்பட்டால் கதிர்வீச்சு என்று திட்டமே வேறு. கட்டியின் பெயர் தெரிவதற்காக இரண்டு வாரம் பொறுக்கலாம். மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது.

பொதுவாக 5 செ.மீ.க்கு மேல் இருக்கிற, அல்லது ஆழத்தில் இருக்கிற, அல்லது வளர்ந்துகொண்டே போகிற கட்டிக்கு முதலில் ஸ்கேன், அடுத்து ஊசி பயாப்சி, அப்புறம்தான் கத்தி. இங்கே வரிசை மாறிவிட்டது. ஆனாலும் ‘கொழுப்புக் கட்டிதானே’ என்று பயாப்சிக்கே அனுப்பாமல் வாளியில் போடுகிற இடங்களும் உண்டு. உங்கள் சர்ஜன் அனுப்பியிருக்கிறார், நல்லது.

இறுதி ரிப்போர்ட் வந்ததும் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கட்டியின் பெயர், வெட்டிய ஓரங்களில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்ற குறிப்பு, சார்கோமா என்றால் அதன் தீவிரத்தைச் சொல்லும் 1 முதல் 3 வரையிலான கிரேடு. கிரேடு போட முடியாத வகை என்றால் அதையும் எழுதியிருப்பார்கள். எது விடுபட்டிருந்தாலும் பேத்தாலஜிஸ்டிடமே நேரில் கேட்கலாம்.