வீட்டுக்காரி ஏன் திண்ணையில் படுக்கிறா?

கேள்வி: என் தம்பி 2009இல் பிடிபட்டான். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கி, அதை வைத்தே தண்டித்தார்கள். ஏழு வருடம் மறியலில் இருந்த பிறகு மேன்முறையீட்டில் விட்டார்கள். நட்டஈடாக ஒரு சதமும் கிடைக்கவில்லை. இப்போது மச்சாளின் கையை முறித்ததாக அவன்மேல் வழக்கு. நான் அன்று அங்கே நின்றேன். சாட்சிக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. அமெரிக்காவில் செய்யாத குற்றத்துக்கு 18 வருடம் சிறையிருந்த ஸ்டீவன் ஏவரி பற்றி போனில் பார்த்தேன். இரண்டாவது வழக்கில் ஜூரிகள் அவரை விட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஏற்கெனவே அனுபவித்தவனைத் திரும்பவும் தண்டிக்கலாமா? "நான் ஒன்றும் காணவில்லை" என்று சொல்லிவிடட்டுமா? தம்பி வீட்டில் தனியே கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறான். மச்சாள் தன் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் படுக்கிறா. பார்க்கக் கவலையாக இருக்கிறது.
ஓர் அக்கா, களுவாஞ்சிகுடிப் பக்கம்

பதில்: தங்கச்சி, தம்பி கஞ்சி காய்ச்சும் அந்த வீடு யாருடையது?

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போவான். பிணக்கு வந்தால் இரண்டு சாரத்தையும் சேட்டையும் பையில் திணித்துக்கொண்டு தாய் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ வந்து கிடப்பவனும் அவன்தான். சீதன வீட்டுக்காரி தன் வளவை விட்டு இறங்கினா என்று எத்தனை தரம் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? எனக்கு வந்த கடிதங்களில் அது சில தரம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் காரணம் பயம்தான். உங்கள் மச்சாள் மாவுக்கட்டுப் போட்ட கையோடு அடுத்தவர் திண்ணையில் புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிறா. நீங்கள் கவலைப்பட்டது தம்பியின் கஞ்சிக்கு. அந்தக் கையால் அவ எப்படித் தலை சீவுவா, எப்படிச் சோறு பிசைவா என்று ஒரு வரியாவது எழுதினீர்களா?

சரி, ஏவரிக்கு வருவோம். விஸ்கொன்சினில் ஒரு பெண்ணைத் தாக்கினார் என்று 1985இல் அவரைத் தண்டித்தார்கள். 2003இல் டிஎன்ஏ பரிசோதனை வேறொருவனைக் காட்டியது. அந்த வேறொருவன், ஏவரி உள்ளே இருந்த காலத்தில், 1995இல் இன்னொரு பெண்ணைச் சீரழித்திருந்தான். இதைக் கொஞ்சம் யோசியுங்கள். செய்தவன் தண்டனை இல்லாமல் வெளியே நடமாடினால் அடுத்து ஒரு பெண்தான் அதை அனுபவிக்கிறாள்.

2005இல் தெரேசா ஹல்பாக் என்ற இளம் புகைப்படக்காரி கொல்லப்பட்டாள். 2007இல் ஜூரிகள் ஏவரியைக் குற்றவாளி என்றார்கள்; அவரோ தான் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். அவர் 36 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டிருந்த மாவட்டத்தின் பொலிஸாரும் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். அவளுடைய காரின் சாவி அவர்கள் கையில்தான் கிடைத்தது. ஒரு ஜூரர் அதைப் பார்த்து, "முன்பு பிழைவிட்டவர்கள் கொண்டுவந்த சாட்சியத்தை நான் நம்பலாமா?" என்று யோசித்தால் அது அவரது கடமை. சந்தேகம் தீரவில்லை என்றால் விடத்தான் வேண்டும். "பாவம், 18 வருடம் இருந்தவர்" என்று விடுவது வேறு விசயம். அவருக்குக் கடன்பட்டது அரசு. அதைத் தெரேசாவின் தாயிடம் அறவிடக் கூடாது.

நமக்கும் இது புதிதில்லை. 1996இல் திருகோணமலைப் பக்கம் குமாரபுரத்தில் தமிழ்ச் சனத்தைக் கொன்ற படுகொலை வழக்கில் 2016இல் அனுராதபுரத்தில் ஜூரிகள் முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரையும் விட்டபோது, கண்ணால் கண்ட சனத்தின் சாட்சி எங்கே போனது என்று நாம் கொதித்தோம். இன்று கண்ணால் கண்டவர் நீங்கள்.

இன்னொன்று, உங்களை யாரும் ஜூரியாகக் கூப்பிடவில்லை. இங்கே ஜூரிகள் ஏழு பேர் இருப்பது மேல் நீதிமன்றத்தில், பாரிய வழக்குகளில், அதுவும் எதிரி விரும்பிக் கேட்டால். நீங்கள் சாட்சி. கண்டதைச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. தம்பி பட்டதையெல்லாம் அவனுடைய லோயர் எழுந்து சொல்லட்டும், தண்டனையைத் தீர்மானிக்கும்போது நீதவான் அதை யோசிக்கட்டும். ஒரு பொய் வாக்குமூலம் உங்கள் தம்பியின் ஏழு வருடத்தைத் தின்றது. அவன் கூடப்பிறந்த நீங்களே இன்னொரு பொய் வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடுகிறோமே, அந்தக் கோபம் எதற்கு? பிழையான தீர்ப்புக்கு அவள் நியாயம் கேட்டது அரசன் வாசலில். உங்கள் தம்பிக்காக நீங்கள் எந்த வாசலுக்குப் போனீர்கள்? பிழையாகத் தண்டிக்கப்பட்டவருக்கு நட்டஈடு பற்றிப் பேசும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்துவிட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் அலுவலகம் இருக்கிறது, சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது. விடுதலைக் கடதாசியை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அந்தக் கடனுக்கு அலைய வேண்டியது அக்காதான், மச்சாளின் எலும்பில்லை. அப்புறம், மறியல் அவனை உள்ளுக்குள் என்ன செய்தது என்று ஒரு மனநல வைத்தியர் பார்க்கட்டும். போதனா வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள்.

மச்சாளுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கணவன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று நீதவான் பாதுகாப்புக் கட்டளை போடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938க்கு எடுத்தால் எப்படிப் போவது என்று சொல்வார்கள். ஆனால் அவ கோடேற முன்னமே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இன்று பின்னேரம் போய்த் தம்பியைக் கூட்டிவந்து உங்கள் விறாந்தையில் ஒரு பாயைப் போடுங்கள். வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போய் மச்சாளின் நல்ல கையில் கொடுங்கள். தவணையன்று எதை எதைச் சொல்லப்போகிறீர்கள் என்று அவவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு வாருங்கள்.