கொரோனா காலத்தில் வகுப்பறை ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொன்னது ஏன்?

காற்றோட்டம் என்றால் அறைக்குள் இருக்கும் காற்று வெளியேறி, வெளிக்காற்று உள்ளே வருவது. அவ்வளவுதான்.

தொற்று உள்ளவர் பேசினாலும் இருமினாலும் எச்சில் துளிகள் வெளிவரும். பெரிய துளிகள் சட்டென்று கீழே விழுந்துவிடும், கண்ணுக்கே தெரியாத சின்னவை மூடிய அறைக்குள் மணிக்கணக்கில்கூட மிதந்துகொண்டிருக்கும். அடுப்படியில் மிளகாய் வறுத்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் இருமுகிறார் இல்லையா, அந்த நெடி மாதிரிதான் இதுவும். ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும்.

தமிழ்நாட்டில் இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையான வகுப்புகள் திறந்தன. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்துக் கட்டிய பழைய பள்ளிக் கட்டடங்களுக்கு இதில் பெரிய வசதி. ஆனால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் கொக்கி துருப்பிடித்திருக்கும், மூலையில் குளவி கூடு கட்டியிருக்கும், பாதி ஜன்னலை பீரோ வேறு மறைத்துக்கொண்டு நிற்கும். தரைக்குக் கிருமிநாசினி தெளிப்பதைவிட அந்தக் கொக்கிக்கு எண்ணெய் விடுவதுதான் முதல் வேலை என்பேன்.

அப்புறம், மின்விசிறி சுற்றினாலே காற்றோட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜன்னல் மூடியிருந்தால் அது உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிவிடுகிறது, ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான்.